பத்தாண்டு பாக்கி இருந்தால்தான் பயிற்சியா? மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

புதிய இயந்திரமோ புதிய மென்பொருளோ வரும்போது நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் ஒரு வரி திரும்பத் திரும்பத் தென்படுகிறது: "எஞ்சிய பணிக்காலம் பத்தாண்டுக்குக் குறையாதவர்களை மட்டும் பரிந்துரைக்கவும்." வயது என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அறுபதில் ஓய்வு என்றால், ஐம்பதைத் தாண்டிய ஒருவரும் அந்தப் பட்டியலில் இடம்பெற முடியாது. அவர்களுக்கென்று கடைசிப் பக்கத்தில் காணொளித் தொகுப்பு ஒன்றின் முகவரி மட்டும் தரப்படுகிறது. ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்த வரியை நீக்கச் சொல்லியே இதை எழுதுகிறோம். நாங்கள் ஐம்பது வயதை ஒட்டியவர்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும் பட்டறையிலும் கணினி அறையிலும் வகுப்பெடுக்கும் பயிற்றுநர்கள்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். பயிற்சிக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் ஆள் நெடுநாள் இருக்க வேண்டும் என்பது அந்த வரிக்குப் பின்னால் உள்ள எண்ணம். ஆள் எத்தனை ஆண்டு இருப்பார் என்று எண்ணுகிறீர்கள். கற்றுக்கொடுக்கும் விஷயம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எண்ணுவதில்லை. கணக்கு மென்பொருளின் பதிப்பு மாறுகிறது, கன்ட்ரோல் பேனல் மாறுகிறது, தரப் பதிவேட்டின் படிவம் மாறுகிறது. ஒருமுறை கற்றுப் பத்தாண்டு அப்படியே ஓட்டக்கூடிய மென்பொருள் பயிற்சி ஒன்றை உங்களால் காட்ட முடியுமா? 52 வயதுக்காரருக்கு இன்னும் எட்டாண்டு இருக்கிறது. கற்ற பாடம் பழசாகிப் போகும்போதும் அவர் வேலையில்தான் இருப்பார். 25 வயதுக்காரர் அதுவரை உங்களிடமே இருப்பார் என்று யார் எழுதிக் கொடுத்தது?

"அவர்களுக்குப் புதிதாக எதுவும் ஏறாது" என்பது வெளியே சொல்லப்படாத இரண்டாவது காரணம். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வேலை தொடர்பான பயிற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 1996-இல் வெளியான தொகுப்பாய்வு, வயது கூடியவர்கள் பயிற்சியை முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், முடிவில் தேர்ச்சியும் சராசரியில் குறைவு என்றே காட்டியது. எங்கள் வகுப்புகளிலும் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். ஆனால் 2003-இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, எப்படிக் கற்பித்தால் மூத்தவர்கள் தேறுகிறார்கள் என்று பார்த்தது. அதில் முன்னுக்கு வந்தவை இரண்டு: கற்பவரே தன் வேகத்தைத் தீர்மானிப்பது, குழு சிறிதாக இருப்பது. உங்கள் ஐந்து நாள் பயிற்சி முகாம் இந்த இரண்டுக்கும் நேர் எதிராக அமைந்திருக்கிறது.

மூளை மங்கிவிட்டது என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், உளவியலாளர்கள் வார்னர் ஷாய், ஷெரி வில்லிஸ் இருவரும் 64 வயது கடந்தவர்களுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் பயிற்சி தந்து பார்த்தார்கள். 1986-இல் முடிவு வெளியானது. திறன் சரிந்திருந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் 14 ஆண்டுகளுக்கு முன்பிருந்த அளவை மீண்டும் எட்டியிருந்தார்கள். தட்டச்சர்களை வைத்து உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ் 1984-இல் கண்டது இதைவிடச் சுவையானது. வயதானவர்களின் விரல் மெதுவாகத்தான் தட்டியது, ஆனாலும் தட்டச்சு வேகம் குறையவில்லை. கண் அதிக எழுத்துகளை முன்கூட்டியே படித்துவிட்டிருந்தது. அனுபவம் இப்படித்தான் வேலை செய்கிறது.

அந்த அனுபவமே இடறலாகும் இடமும் உண்டு. உங்கள் பயிற்சித் திட்டங்கள் தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கையால் இயக்கும் கடைசல் இயந்திரமான கைலேத்திலிருந்து, கணினி இயக்கும் சிஎன்சி லேத்துக்கு மாறும் டர்னரை (கடைசல்காரரை) எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பழகிய லேத்தின் டயல், வெட்டும் டூலைத் தாங்கிய ஸ்லைடு நகரும் தூரத்தைக் காட்டுவது. சுழலும் ஜாப்பில் (கடையப்படும் பொருளில்) இரு பக்கமும் குறையும் என்பதால், விட்டத்தில் 0.06 மி.மீ. குறைக்க வேண்டுமானால் டயலை 0.03 திருப்புவார். சிஎன்சி லேத்தில், டூல் மையத்தை நோக்கி நகரும் எக்ஸ் அச்சு வழக்கமாக விட்டக் கணக்கில் இருக்கும். ஜாப் 40.06 வந்திருக்கிறது, 40.00 வேண்டும் என்றால் டூல் தேய்மானத்தை ஈடுகட்டும் திருத்த அளவான வேர் ஆஃப்செட்டில் 0.06-ஐ முழுதாகக் கழிக்க வேண்டும். ஆனால் அவர் கை பழக்கத்தில் 0.03 என்று அடிக்கும், ஜாப் 40.03-இல் நிற்கும். "வயசாயிடுச்சு, சொன்னது மறந்துபோச்சு" என்பார் சூப்பர்வைசர். புதியது மறந்ததால் வந்த தவறல்ல இது. பழையது மறக்காததால் வந்தது. இருபது வயதுப் பையனுக்கு இந்தத் தவறு வராது, ஏனென்றால் அவன் அந்த டயலைத் தொட்டதே இல்லை. முதல் நாள் காலையிலேயே பழைய டயல் கணக்கையும் புதிய ஆஃப்செட் கணக்கையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரே ஜாப்பை இரண்டு விதமாகவும் கணக்கிடச் சொன்னால் விஷயம் முடிந்தது. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

அடுத்தது தசமப் புள்ளி. பல கன்ட்ரோல்களில், அமைப்பைப் பொறுத்து, 50 என்று மட்டும் அடித்தால் இயந்திரம் அதை 50 மைக்ரான் (0.05 மி.மீ.) என்று எடுத்துக்கொள்ளும், 50 மி.மீ. வேண்டுமானால் பின்னால் புள்ளி வைத்தாக வேண்டும். காலமெல்லாம் "ஐம்பது" என்று சொல்லியே அளவு கேட்டவருக்குப் புள்ளி ஒரு பொருட்டாகத் தெரியாது. புள்ளி விட்டுப்போனால் டூல் ஜாப்பின் மையத்தை நோக்கி முழு வேகத்தில் பாயும். இதற்குத் தேவை மிரட்டல் அல்ல, ஒரு பழக்கம். புதிய புரோகிராம் என்றால், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை வரியை மட்டும் ஓட்டும் சிங்கிள் பிளாக்கைப் போட்டு, ரேபிட் வேகத்தை (வெட்டாமல் நகரும் வேகத்தை) மிகக் குறைவில் வைத்து, டூல் ஜாப்பை நெருங்கியதும் ஃபீட் ஹோல்ட் பொத்தானை அழுத்தி நகர்வை நிறுத்த வேண்டும். திரையில் "இன்னும் போக வேண்டிய தூரம்" எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி ஒரு விரல்கடை, திரை காட்டுவது 80 மி.மீ. என்றால் எங்கோ தவறு. கண்ணளவில் மில்லிமீட்டர் சொல்லக்கூடிய மூத்த டர்னர், இந்தச் சோதனையை ஒருமுறை காட்டினால் விடவே மாட்டார். வேகமாக அடிக்கும் இளைஞர்கள்தான் இதைத் தாண்டிப் போய் டூலை உடைக்கிறார்கள். (அந்தக் கணக்கையும் ஒருநாள் எடுத்துப் பாருங்கள்.)

மூன்றாவது, கடையும்போது வரும் உலோகச் சுருளின் நிறம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் எஃகைக் கடையும்போது சுருள் நீலமாக வந்தால் சூடு அதிகம், வேகத்தைக் குறை என்பது அவர் கற்ற பாடம். சரியான பாடம். அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு டிப்பில் நிலைமை வேறு. அங்கே சூட்டைச் சுருளே அள்ளிக்கொண்டு போக வேண்டும், நீலச் சுருள் இயல்பு. அவர் பயந்து வேகத்தைக் குறைத்தால் உலோகம் டிப்பின் விளிம்பில் ஒட்டிக் கட்டியாகி, ஜாப்பின் மேற்பரப்பு கெடும். "ஏன் நீலமா வருது?" என்று அவர் கேட்கும்போது "புரோகிராம்ல அப்படித்தான் இருக்கு, கை வைக்காதீங்க" என்று பதில் வந்தால் பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது. காரணம் தெரியாத கட்டளையை முப்பது வருடக்காரர் மனம் ஏற்காது. காரணத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லத் தெரிந்த ஆளை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் இதே கதைதான். கணக்கேட்டில் கையால் வரவு செலவு எழுதியவருக்கு மெனுவில் எங்கே அழுத்துவது என்பதை மட்டும் சொல்லித்தருகிறோம். பல மென்பொருள்களில் பதிவு இறுதியாக்கப்பட்ட பின் அடித்துத் திருத்த முடியாது, அதை ரத்துசெய்யும் எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்பதை முதலில் சொன்னால், அவர் ஏற்கெனவே அறிந்த கணக்கியலே மீதியைக் கற்றுக்கொடுத்துவிடும்.

இனி அறையைப் பற்றி. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு சாதாரணமான விஷயங்கள். 60 வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் புரொஜெக்டருக்காக விளக்கை அணைக்கிறீர்கள். அவரால் குறிப்பெடுக்க முடிவதில்லை. கண்வில்லை மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் எளிதில் பிரிந்து தெரியாது. உங்கள் படங்களில் "சரி" பச்சை, "காத்திருப்பு" நீலம். வாசிக்கும் கண்ணாடி ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்குத் தரப்படுவது, கணினித் திரை இருப்பதோ 60, 70 செ.மீ. தூரத்தில். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருப்பார். சிறிது நேரத்தில் கழுத்து வலிக்கும், பிறகு கவனம் போகும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும்படி இறக்கி வைத்தால் பாதி சரியாகும். திரைத் தூரத்துக்கென்று ஒரு கண்ணாடி எழுதி வாங்கினால் முழுதும் சரியாகும்.

இரும்பிலும் சிமென்ட்டிலும் வேலை பார்த்த விரல்களின் தோல் தடித்துக் காய்ந்திருக்கும். தொடுதிரை அந்த விரலைச் சரியாக உணர்வதில்லை. அவர் அழுத்தி அழுத்திப் பார்ப்பார், திரை அசையாது. பிறகு ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை போய் விழும். ரப்பர் முனைப் பேனா ஒன்றைக் கொடுங்கள். விரல் ரேகை தேய்ந்தவரை ரேகைப் பதிவில் வருகை போடச் சொல்லிக் கதவருகே நிறுத்தாதீர்கள். இரட்டைச் சொடுக்கு விழவில்லை என்று திணறுபவருக்கு, சுட்டியின் அமைப்பில் அந்த வேகத்தைக் குறைத்துவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. செவித்திறனில் உயர்ந்த அலைவரிசைகள் முதலில் குறைவதால் மெல்லிய மெய்யொலிகள் நழுவும். இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு, அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்கம் சொல்வதை நிறுத்த வேண்டும். சொல்லி முடித்த பிறகு இயந்திரத்தை ஓட்டலாமே.

சுட்டி யார் கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கற்பவர் ஒரு கணம் தயங்கினால் பக்கத்தில் நிற்கும் இளைய பயிற்றுநர் "இப்படிக் கொடுங்க சார்" என்று வாங்கி மூன்று சொடுக்கில் முடித்துவிடுகிறார். வேலை முடிந்தது, கற்றல் நடக்கவில்லை. எங்கள் வகுப்புகளில் பயிற்றுநர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. வாயால் சொல்லலாம், விரலால் காட்டலாம், தொடக்கூடாது.

கால அளவுக்கு வருவோம். ஐந்து நாள், தினம் எட்டு மணி நேரம் என்று நாற்பது மணி நேரத்தை ஒரே மூச்சில் ஊற்றுகிறீர்கள். அதே நாற்பது மணி நேரத்தை வாரம் இரண்டு அமர்வு, அமர்வுக்கு இரண்டரை மணி என்று எட்டு வாரத்துக்குப் பரப்பலாம். செலவு பெரிதாகக் கூடாது, உற்பத்தியும் ஒரேயடியாகப் படுக்காது. இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும் என்பது 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் எழுதியதிலிருந்தே தெரிந்த செய்தி. ஒவ்வோர் அமர்வும் தொடங்கியதும் பத்து நிமிடம், படிகள் எழுதிய கையட்டையைப் பார்க்காமல் போன பாடத்தைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நாள்பட்டு நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவரைக் காலை வகுப்பில் உட்காரவைப்பது மட்டும் கூடவே கூடாது. அன்று சொன்னது எதுவும் தங்காது.

கையட்டை என்று சொன்னோம். ஒரு வேலைக்கு ஒரு தாள், எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல், ஏழெட்டுப் படிகளுக்கு மேல் போகாமல். திரையில் பொத்தானின் பெயர் எந்த எழுத்தில், எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையிலும் இருக்க வேண்டும். "சேமிக்கவும்" என்று அட்டை சொல்ல, திரையில் அதற்குப் பதில் ஒரு சின்னம் மட்டும் இருந்தால் அட்டையால் பயனில்லை. கடைசி இரண்டு வரி, "தவறாகப் போனால் என்ன செய்வது" என்பதற்கு.

எல்லாம் சரியாக நடந்த பின்னும் ஒரு இடத்தில் கெடும். பயிற்சி வெள்ளிக்கிழமை முடியும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மூன்று வாரம் கழித்து வரும். அல்லது இயந்திரம் இன்னும் பெட்டியில் இருக்கும். அதற்குள் கற்றது கரைந்துவிடும், பழி வயதின் மேல் விழும்.

தேர்வைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறோம். திரையில் ஐம்பது கேள்வி, முப்பது நிமிடம், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. இது அளப்பது வாசிக்கும் வேகத்தை. ஆஃப்செட் போடத் தெரியுமா என்று அறிய வேண்டுமானால் ஆஃப்செட் போடச் சொல்லுங்கள். டூலைப் பொருத்தி, முதல் ஜாப்பை அளவுக்குள் கொண்டுவந்து, வேண்டுமென்றே வைத்த மூன்று கோளாறுகளில் இயந்திரத்தைச் சரியான முறையில் நிறுத்திக் காட்டினால் அவர் தேர்ச்சி பெற்றவர்.

"அவர்களே வர விரும்புவதில்லை" என்பது உங்கள் கடைசி வாதம். இதையும் மறுக்கவில்லை. மூத்த தொழிலாளர்களைப் பற்றிய ஆறு பொதுக்கருத்துகளை 2012-இல் ஆராய்ந்த மேலாண்மை ஆய்வாளர்கள் இங், ஃபெல்ட்மன் இருவரும் ஐந்துக்கு ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். நின்றது ஒன்றுதான், பயிற்சியில் ஆர்வம் குறைவு என்பது. ஏன் குறைகிறது என்று எங்களைக் கேளுங்கள். மதிப்பெண் நேராகப் பதவி உயர்வுக் கோப்புக்குப் போகிறது. தன்னிடம் வேலை கற்ற பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லார் முன்னும் திணற வேண்டியிருக்கிறது. பயிற்சி நாட்களில் உற்பத்தி ஊக்கத்தொகையும் மிகைநேரப் படியும் வெட்டுப்படுகின்றன. இத்தனையும் வைத்துவிட்டு ஆர்வம் இல்லை என்றால் எப்படி?

புதிதாக எதையும் கண்டுபிடித்து நாங்கள் கேட்கவில்லை. சம்பளத்துடன் கல்வி விடுப்பு பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே 140-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மூத்த தொழிலாளர்களுக்குத் தொழிற்பயிற்சியிலும் மறுபயிற்சியிலும் சமவாய்ப்பு வேண்டும் என்பது அதே அமைப்பின் 1980-ஆம் ஆண்டுப் பரிந்துரை, எண் 162.

எங்கள் கோரிக்கைகள் இவை.

"எஞ்சிய பணிக்காலம்" என்ற வரியைச் சுற்றறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். காலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கற்பிக்கும் தொழில்நுட்பம் உங்களிடம் எத்தனை ஆண்டு பயன்பாட்டில் இருக்கும் என்பதை எழுத்தில் குறித்து, அதோடு ஒப்பிடுங்கள். அந்த இயந்திரத்திலோ மென்பொருளிலோ வேலை பார்க்கப்போகிற ஒவ்வொருவரும், வயது எதுவானாலும், பட்டியலில் இருக்க வேண்டும்.

காணொளித் தொகுப்பை நேரடிப் பயிற்சிக்கு மாற்றாகக் கணக்கில் காட்டாதீர்கள். நேரடி வகுப்பில் ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நாற்பது மணி நேரத்தைக் குறைந்தது ஆறு வாரத்துக்குப் பரப்புங்கள். தேவைப்படுபவருக்கு அதற்கு மேல் இருபது மணி நேரம், காரணம் கேட்காமல்.

பயிற்சி தொடங்குமுன் கண், காதுப் பரிசோதனையும், திரைத் தூரத்துக்கான கண்ணாடியும் நிர்வாகச் செலவில் வேண்டும். பயிற்சி நாட்களுக்கு, கடந்த மூன்று மாதச் சராசரி ஊக்கத்தொகையைக் குறைக்காமல் தாருங்கள்.

கடவுச்சொல்லும் இயந்திரமும் தயாராகும்வரை வகுப்பைத் தொடங்காதீர்கள். முடிந்த முதல் இரண்டு வாரத்தில் ஆளுக்குப் பத்து மணி நேரப் பழகுநேரம், ஷிப்ட் நேரத்துக்குள், பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். தேர்வு செய்முறையாக இருக்கட்டும். முதல் இரண்டு முயற்சிகளின் முடிவு பயிற்றுநரைத் தாண்டிப் போகக் கூடாது.

பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர், முடித்தோர் எண்ணிக்கையை வயதுவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவில் ஐம்பது கடந்த இரண்டு தொழிலாளர்களுக்கு இடம் கொடுங்கள். டயல் கணக்கும் சுருள் நிறமும் பாடத்தில் சேர வேண்டுமானால் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

அடுத்த பரிந்துரைப் பட்டியல் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பும் முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூத்த தொழிலாளர்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்றுநர்கள்